மூன்றாவது கோடு எங்கிருந்து வந்தது?

ஆளை அடையாளம் காட்டும் டி.என்.ஏ. கைரேகை பற்றி எழுதும் பலர், ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம் (குறிப்பிட்ட எழுத்து வரிசையைக் கண்டால் டி.என்.ஏ.வை வெட்டும் நொதி) ஒவ்வொருவர் டி.என்.ஏ.வையும் ஒவ்வொரு விதமாக வெட்டுகிறது என்று முடித்துவிடுகிறார்கள். கைரேகைக்குப் பயன்படும் இடங்களில் வெட்டு விழும் இடம் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆளுக்கு ஆள் மாறுவது இரண்டு வெட்டுக்கு நடுவே அகப்படும் துண்டின் நீளம். அந்த நீளத்துக்கேற்ற இடத்தில்தான் துண்டு படலத்தில் கோடாகத் தெரியும்.

ஈகோஆர்-1 என்ற என்சைம் தேடுவது டி.என்.ஏ.வில் ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற ஆறு எழுத்தை. எதிர் இழையை அதன் திசையில் படித்தாலும் இதே ஆறுதான் வரும். (‘விகடகவி’யை ஒரே வரியில் திருப்பிப் படிப்பதிலிருந்து இது சற்றே வேறு.) என்சைம் இரட்டையாக வந்து உட்கார்ந்து, ஆளுக்கொரு இழையில் ஜி-க்கும் ஏ-க்கும் நடுவே வெட்டும். அதனால் முனையில் நான்கு எழுத்து ஒற்றை வால் நீட்டிக்கொண்டிருக்கும். ஹே-3 என்ற என்சைம் அப்படியல்ல, ஜி-ஜி-சி-சியை நட்டநடுவில் நறுக்கிவிடும். நான்கெழுத்து என்பதால் கணக்குப்படி 256 எழுத்துக்கு ஒருமுறை வெட்டு. ஆறெழுத்தென்றால் 4,096-க்கு ஒருமுறை.

1984-இல் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டது, ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வரும் மினிசாட்டிலைட் பகுதிகளை. அந்தச் சொற்றொடருக்குள் வெட்டுமிடம் இல்லாத என்சைமாகத் தேர்ந்தால் பகுதி முழுதாக வெளியே வரும்; எத்தனை முறை திரும்புகிறதோ அத்தனை நீளம். அமெரிக்க ஆய்வகங்கள் ஹே-3, ஐரோப்பியர்கள் ஹின்ஃப்-1 என்ற வேறொரு என்சைம் என்று பிரிந்துவிட்டதால் ஒருவர் முடிவை மற்றவர் முடிவோடு நேராக ஒப்பிட வழியில்லாமல் போனது.

வெட்டுவதற்கு 20 மைக்ரோலிட்டர் போதும்: டி.என்.ஏ. 1 மைக்ரோகிராம், பத்து மடங்கு செறிவுள்ள பஃபர் (என்சைம் வேலை செய்ய ஏற்ற உப்புக் கரைசல்) 2 மைக்ரோலிட்டர், மீதி தண்ணீர், கடைசியாக என்சைம் 1 மைக்ரோலிட்டர். 37 டிகிரி. பஃபரில் மெக்னீசியம் இல்லாவிட்டால் வெட்டே விழாது. என்சைம் பாதிக்குப் பாதி கிளிசரால் கலந்து வருவதால் மொத்த அளவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஈகோஆர்-1 போன்றவை ஓரெழுத்து பிசகிய இடத்திலும் வாய் வைக்கும். ஸ்டார் ஆக்டிவிட்டி என்பது இதைத்தான். வெட்டு சரியாக விழவில்லையே என்று இன்னும் கொஞ்சம் என்சைம் ஊற்றுவது இதனால்தான் ஆபத்து. வெட்டு விழாததற்குக் காரணம் பெரும்பாலும் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தபோது அதில் மிஞ்சிய ஃபீனாலோ உப்போதான். மறுபடி சுத்தம் செய்யுங்கள்.

அரைகுறை வெட்டுதான் மோசமானது. ஓரிடத்தை மட்டும் பார்க்கும் புரோபில் (அந்த இடத்தில் மட்டும் ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) ஒருவருக்கு ஒன்றோ இரண்டோ கோடுதான் தெரிய வேண்டும். மூன்றாவதாக மேலே ஒரு கோடு தெரிந்தால், மாதிரியில் இருவர் கலந்திருக்கலாம். அல்லது ஒரு வெட்டுமிடம் தப்பி இரண்டு துண்டு ஒட்டியே ஓடியிருக்கலாம். எக்ஸ்ரே படலத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆகவே பிளாட்டுக்கு (துண்டுகளைச் சவ்வுக்கு மாற்றிப் புரோப் ஒட்டும் கட்டத்துக்கு) போகும் முன் சிறிதளவை, மின்சாரத்தால் துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் அகரோஸ் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தாக வேண்டும்: சீரான தீற்றல் வந்தால் சரி, மாதிரியை ஊற்றிய குழியருகே கனமான பட்டை தேங்கினால் வெட்டு முடியவில்லை. நீளத்துக்கு அளவுகோலாக, ஹிண்ட்-3 என்சைம் வெட்டிய லாம்டா வைரஸ் டி.என்.ஏ.வை ஓட்டுகிறவர்கள் அதை முதலில் 65 டிகிரியில் சூடாக்க வேண்டும். இல்லையென்றால் ஒட்டும் முனைகள் சேர்ந்து 4.4 கிலோபேஸ் (4,400 எழுத்து) கோடு மங்கிவிடும்.

மிகச் சிறிய தொடர்கள் திரும்பும் இடங்களைப் பார்க்கும் இன்றைய எஸ்.டி.ஆர். முறையில், வேண்டிய பகுதியை மட்டும் பல மடங்கு பிரதியெடுக்கும் பி.சி.ஆர். இருப்பதால் இந்த வெட்டே தேவையில்லை. சிதைந்த கறையும் போதும். ஆனால் பார்க்கும் இடங்களே வேறு. பழைய படலத்தை இன்றைய முடிவோடு பொருத்த முடியாது. மாதிரி மிச்சமிருந்தால் முதலிலிருந்து எடுக்க வேண்டியதுதான்.