76 மில்லிமீட்டர் துளை

"துளையோட அகலம் 76 மில்லிமீட்டர்தாங்க." முதுமரக் காட்டில் செம்பு தேடித் துளையிடும் திட்டத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நாங்கள் சொன்ன அந்தப் பதிலில் பொய் இல்லை. கனிமத் தேடலில் பரவலாகப் போடும் என்க்யூ (NQ) என்ற நிலையான அளவுத் துளையின் விட்டம் 75.7 மில்லிமீட்டர், மேலே வரும் பாறை உருளை 47.6. ஆனால் முன்வரிசைப் பெரியவர் கேட்டது வேறு: "துளை சின்னதுதான் தம்பி. அதைப் போடுற மிஷின் எந்த வழியா வரும்?"

"பாதை தற்காலிகம்தாங்க, மூடிடுவோம்." மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்பது இந்தப் பதிலில்தான்.

நான்கு மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் பாதை என்றால் ஏறக்குறைய ஓர் ஏக்கர் காடு. துளைக்கு 20க்கு 20 மீட்டர் மேடை என்றால் இன்னும் 400 சதுர மீட்டர்; ஓரத்தில் துளையிடும்போது பயன்படும், பென்டோனைட் களிமண் கலந்த சேற்றுநீருக்கு ஒரு குழி. இவையெல்லாம் வரைபடத்தில் இருக்கும். வேர் இருக்காது. முதுமரங்களின் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல் 30 சென்டிமீட்டர் மண்ணிலேயே, கிளைப்பரப்பைத் தாண்டியும் ஓடுகிறது. ஈர மண்ணில் இயந்திரம் முதல் சில முறை போய்வந்தாலே மண் இறுகிவிடும். காற்று உள்ளே போகாது, மழைநீர் இறங்காமல் தடத்திலேயே தேங்கும். மரம் உடனே சாகாது. முதலில் உச்சிக்கிளை காயும். சாய்வதற்குள் வருஷங்கள் ஓடிவிடும்.

மூடுவதும் வெறும் பேச்சில்லை. துளையைச் சிமெண்டுக் குழம்பால் அடியிலிருந்து நிரப்ப வேண்டும். விட்டால் மேல்நீரும் கீழ்நீரும் கலந்துவிடும். இறுகிய மண்ணைக் கிளறி, ஒதுக்கி வைத்த மேல்மண்ணைப் பரப்பி, நாற்று நட வேண்டும். அக்கறையாகச் செய்த வேலைதான். நாற்று மரமாகும்; முந்நூறு வயது மரமாக முந்நூறு வருஷம் வேண்டும்.

பாகம் பாகமாகப் பிரித்து ஹெலிகாப்டரில் இறக்கும் இயந்திரம் உண்டு. செலவு கூடுதல் என்று திட்டத்தில் சேரவில்லை. அதை இறக்கவும் சில மரங்களை வெட்டியாக வேண்டும் என்ற வாதம் சரியானதே. ஆனாலும் சில மரமும் ஓர் ஏக்கரும் ஒன்றாகுமா?

பெரும்பாலான தேடல்கள் சுரங்கமாவதில்லை என்றும் அன்று சொன்னோம். "கிடைக்கலேன்னா பாதை மட்டும் மிச்சம். கிடைச்சா காடே மிச்சமில்லை. இதுல எது தம்பி எங்களுக்கு ஆறுதல்?" என்றார் அந்தப் பெரியவர். செம்பு இல்லாமல் மின்கம்பி ஏது என்று இப்போதும் தோன்றுகிறது. அவர் கேட்டது செம்பு வேண்டுமா என்றல்ல, இந்தக் காட்டிலா என்று.

நிறைவறிக்கையில் 'வெட்டிய மரங்கள்' என்று ஒரு கட்டம் உண்டு. அதைச் சரியாகவே நிரப்பினோம். பாதையோரம் பிறகு காயப்போகும் மரங்களுக்குக் கட்டம் எதுவும் இல்லை.