ஆடிக் காற்றும் ஆறு பேரும்

ஜூலை 15, 2024 – திங்கள்

நேற்று இரவு ஸ்கொட்டிஷ் ஓபன் கோல்ப் போட்டியில் ரொபர்ட் மெக்கின்டையர் கடைசிக் குழியில் பேர்டி (குழிக்கு விதித்த கணக்கைவிட ஓர் அடி குறைவு) போட்டு வென்றதைப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். காலையில் எழுந்து போனைத் திறந்தால் கொழும்பில் இருக்கும் சித்தப்பா மகன் வட்ஸ்அப்பில் எங்கள் கோல்ப் அணி விளையாட்டுக்கான வீரர்களின் விலைப்பட்டியலைப் போட்டிருக்கிறான். வியாழக்கிழமை ஸ்கொட்லாந்தின் ரோயல் ட்ரூன் மைதானத்தில் ஓபன் போட்டி ஆரம்பம்.

புதிதாக வாசிப்பவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஒன்பது பேர். தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர், பேக்கரி அண்ணன், டுபாயில் இரண்டு பேர், மிச்சம் எல்லாம் நுவரெலியா, நானுஓயா, தலவாக்கலை பக்கம். அமெரிக்காவில் ட்ராஃப்ட்கிங்ஸ் என்ற இணையத்தளத்தில் விளையாடும் முறைதான் எங்களுக்கும்: கையில் கற்பனைப் பணம் 50,000, அதற்குள் ஆறு வீரர்களை எடுக்க வேண்டும், அவர்கள் ஆடுவதற்கேற்ப நமக்குப் புள்ளி. பேர்டிக்கு 3, ஈகிளுக்கு (இரண்டடி குறைவு) 8, பாருக்கு (விதித்த அடிக் கணக்கு) அரைப் புள்ளி, போகிக்கு (ஓர் அடி கூட) அரைப் புள்ளி வெட்டு. தொடர்ந்து மூன்று பேர்டி அடித்தால் மேலே ஒரு 3, ஒரு போகியும் இல்லாமல் சுற்றை முடித்தால் இன்னொரு 3. கடைசியில் முதல் இடத்துக்கு 30, இரண்டாவதுக்கு 20 என்று இடத்துக்கும் புள்ளி உண்டு. அங்கே காசு கட்டி ஆடுகிறார்கள், எங்களிடம் காசு இல்லை. கடைசியாக வருபவர் மற்ற எல்லோருக்கும் மாலுபாணும் (மீன் வைத்த பன்) பிளேன்டீயும் வாங்கித் தர வேண்டும், டுபாய்க்காரர்களின் கணக்கு ஊருக்கு வரும்போது தீரும்.

விலை போடுவது சித்தப்பா மகன். உலகத் தரவரிசையையும் பந்தயக்காரர்கள் கொடுக்கும் விகிதத்தையும் பார்த்துப் போடுவான். இந்த முறை ஸ்கொட்டி ஷெஃப்லர் 12,000. இந்த வருடம் இதுவரை ஆறு போட்டி வென்றிருக்கிறார், மாஸ்டர்ஸும் அதில் ஒன்று, அதனால் விலையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ரோரி மெக்கில்ரோய் 11,400. ஸாண்டர் ஷோஃப்லி 10,600. ஸ்கொட்லாந்தில் சனிக்கிழமை வரை முன்னணியில் நின்ற லுட்விக் ஓபெர்க் 10,200.

என் கண் ரோரி மேல்தான். போன மாதம் யு.எஸ். ஓபனில் 16-ஆவது குழியில் மூன்றடி தூரம்கூட இல்லாத பட் (பந்தைக் குழிக்குள் உருட்டும் அடி) தவறியது, 18-இலும் இன்னொன்று தவறியது, ஒரே ஒரு அடியில் கோப்பை ப்ரைசன் டிஷாம்போவுக்குப் போனது. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 2014-க்குப் பிறகு ரோரி கையில் ஒரு மேஜர்கூட (கோல்பின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று) இல்லை. இந்த முறையாவது கிடைக்க வேண்டும்.

ஜூலை 16 – செவ்வாய்

வேலை முடிந்து மாமா வீட்டுக்குப் போனேன். அம்மாவின் மூத்த தம்பி, பதினான்கு வயதில் நுவரெலியா கோல்ப் மைதானத்தில் பை தூக்கப் போனவர், முப்பது வருடத்துக்கு மேல் கெடியாக இருந்தவர். 1889-இல் தொடங்கிய மைதானம் அது, டவுனுக்கு நடுவிலேயே கிடக்கிறது. எங்கள் குழுவில் அதிகம் வென்றவரும் மாமாதான். அவரிடம் ஒரு சி.ஆர். கொப்பி இருக்கிறது. மழையில் நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி நெளிந்திருக்கும். அதில் ஒவ்வொரு மைதானத்துக்கும் ஒரு பக்கம்.

ட்ரூன் பக்கத்தைத் திறந்து காட்டினார். பார் 71, நீளம் 7,385 யார் (கெஜம்). 6-ஆவது குழி 623 யார், ஓபன் வரலாற்றிலேயே நீளமானது. அடுத்த வரியில் 8-ஆவது குழி, வெறும் 123 யார், அதன் பெயரே தபால் முத்திரை. கிரீன் (குழியைச் சுற்றி வெட்டிய புல்தரை) அவ்வளவு சின்னது, சுற்றிலும் பங்கர் என்கிற மணல் பள்ளங்கள். 1950-இல் ஜெர்மன் அமெச்சூர் ஒருவர் அந்த ஒரு குழியிலேயே 15 அடி எடுத்திருக்கிறார். 1973-இல் ஜீன் சரஸன் 71 வயதில் அதே குழியில் ஒரே அடியில் போட்டிருக்கிறார். இரண்டையும் மாமா சிவப்புப் பேனாவால் அடுத்தடுத்த வரியில் எழுதி வைத்திருக்கிறார்.

"வழக்கமான காற்று அடித்தால் முதல் ஒன்பது குழியும் காற்றோடு போகும், திரும்பி வரும்போது ஒன்பதும் எதிர்க்காற்று. போகும்போது சேர்த்து வைத்துக்கொள்கிறவன் வேண்டும், வரும்போது கைவிட்டுவிடாதவன் வேண்டும். அதைப் பாரு மருமகனே, பேரைப் பார்க்காதே" என்றார்.

ஓபெர்க்கைப் பற்றிக் கேட்டேன். நல்ல பிள்ளைதான், ஆனால் ஓபனில் இதுவரை ஒரு தடவையும் ஆடியதில்லை, அந்தக் காற்றில் நான்கு நாள் நின்று பழக வேண்டும் என்றார். ரோரி பெயரைச் சொன்னதும் கொப்பியை மூடிவிட்டு டீ போடப் போய்விட்டார்.

ஜூலை 17 – புதன்

இன்று ஆடி ஒன்று. லயத்துக்கு மேலே யூகலிப்டஸ் மரமெல்லாம் விடியற்காலையிலிருந்து ஒரே இரைச்சல். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று அம்மா சொல்லிக்கொண்டே தகரத்தின் மேல் கல் வைக்கச் சொன்னார்.

இரவு எட்டு மணிக்குள் அணியை அனுப்ப வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை வேறு. மழைக் கொழுந்து என்றால் வாட்டும் தட்டில் நேரம் இழுக்கும், சூடான காற்று விட்டு அரை மணிக்கு ஒரு தடவை கையில் அள்ளி அமுக்கிப் பார்க்க வேண்டும். அள்ளிய கொழுந்து பிடியை விட்டதும் விரிந்து போகாமல் உருண்டையாக நின்றால் சரி. இடையில்தான் அணியைப் போட்டேன்.

ரோரி 11,400, ஓபெர்க் 10,200, ஷேன் லௌரி 8,600, ரஸல் ஹென்லி 7,000, ஜஸ்டின் ரோஸ் 6,500, பில்லி ஹோர்ஷெல் 6,200. மொத்தம் 49,900.

லௌரி 2019-இல் ஓபன் வென்றவர், மழையிலும் காற்றிலும் முகம் சுளிக்காதவர். ஹென்லியை எடுத்தது கிரீனை நோக்கி அடிக்கும் அடிக்காக. பட்டிங் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும், இந்த வாரம் விழுவது அடுத்த வாரம் விழாது, ஆனால் இரும்பு மட்டையால் கிரீனை அடைகிற திறமை அவ்வளவு சீக்கிரம் ஓடிப்போவதில்லை. மலிவு வீரரைத் தேடும்போது நான் முதலில் பார்ப்பது அதைத்தான். ரோஸுக்கு 43 வயது, தகுதிச் சுற்று ஆடி உள்ளே வந்திருக்கிறார், அப்படி வருகிறவனுக்குப் பசி இருக்கும் என்று நம்பினேன்.

மாமாவின் அணி: ஷெஃப்லர் 12,000, ஷோஃப்லி 10,600, லௌரி 8,600, அடம் ஸ்கொட் 6,400, சுங்ஜே இம் 6,300, பாட்ரிக் ஹாரிங்டன் 6,000. அதுவும் சரியாக 49,900. ஹாரிங்டனுக்கு 52 வயது, 2007-இலும் 2008-இலும் ஓபன் வென்றவர். "ஆறு பேரும் சனிக்கிழமை ஆட வேண்டும், அதுதான் என் கணக்கு" என்று குரல் பதிவு போட்டிருந்தார். முதல் இரண்டு நாள் முடிந்ததும் முதல் 70 இடமும் சமனில் நிற்பவர்களும்தான் உள்ளே, மற்றவர்கள் வீட்டுக்கு, அதைத்தான் கட் என்பார்கள். கட் ஆனவனுக்கு அதற்குப் பிறகு ஒரு பேர்டியும் கிடையாது.

ஜூலை 18 – வியாழன்

எழுதவே மனசு வரவில்லை. ரோரி 78 அடி.

நமக்கும் ஸ்கொட்லாந்துக்கும் இப்போது நாலரை மணி நேர வித்தியாசம், அதனால் பகலில் தூங்கி எழுந்து பிற்பகலில் பார்க்க வசதியாக இருந்தது. 8-ஆவது குழியில் பந்து கிரீனில் நின்றும் நிற்காமலும் மெல்ல உருண்டு பங்கருக்குள் இறங்கியது. இரட்டைப் போகி. 11-இல் அடித்த பந்து ரயில் பாதைப் பக்கம் எல்லை தாண்டிப் போனது. அங்கே மைதானத்தை ஒட்டியே ரயில் ஓடுகிறது, அந்தக் குழிக்குப் பெயரும் ரயில்வேதான். பேக்கரி அண்ணன் எடுத்த ப்ரைசனும் 76.

லௌரி மட்டும் 66 அடித்து என்னைக் கொஞ்சம் நிமிர்த்தினார். டானியல் பிரவுன் என்ற இங்கிலாந்துக்காரர் 65 அடித்து முதலில் நிற்கிறார், எங்கள் பட்டியலில் அவருக்கு யாரும் கை வைக்கவில்லை.

ஜூலை 19 – வெள்ளி

ஆடி வெள்ளி. அம்மாவைக் கோயிலில் விட்டுவிட்டு, கூழ் குடித்துவிட்டு, வாசலில் நின்றே போனைப் பார்த்தேன். ரோரி 75, கட் ஆகிப் போய்விட்டார். ஓபெர்க்கும் போய்விட்டார். 21,600-க்கு எடுத்த இரண்டு பேரும் இல்லை, மிச்சம் 28,300-க்கு எடுத்த நான்கு பேரும் உள்ளே. லௌரி 69 அடித்து தனியாக முதலிடம், ரோஸ் இரண்டடி பின்னால்.

நீமான் இன்று தபால் முத்திரையில் 8 அடி எடுத்தார். பார் 3 குழியில்.

மாமாவின் ஆறு பேரும் உள்ளே. கோல் எடுத்து வாழ்த்துச் சொன்னேன். கட் விழுந்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை, மரத்து உச்சியைப் பற்றிப் பேசினார். புல்லைப் பிய்த்து மேலே போட்டுப் பார்ப்பது எல்லோரும் செய்வது, அது ஆள் நிற்கும் இடத்துக் காற்று. பந்து போவது மரத்துக்கு மேலே. அதனால் அவர் துரைமாருக்கு மட்டை எடுத்துக் கொடுக்கும் முன்னால் எப்போதும் சைப்ரஸ் உச்சியைத்தான் பார்ப்பாராம். ட்ரூனில் மரமும் இல்லை, கொடி இருக்கிறது, கடல் இருக்கிறது, அங்கே பிறந்து வளர்ந்தவனுக்குக் காதிலேயே தெரியும் என்றார்.

ஜூலை 20 – சனி, போயா (பௌர்ணமி)

லீவு நாள். ஐந்து பேர் மாமா வீட்டில் கூடினோம். வெளியே இங்கே மழை, டிவியில் அங்கே மழை.

காலையில் ஆடியவர்களுக்கு மைதானம் இளகியிருந்தது, சாம் பர்ன்ஸும் த்ரிஸ்டன் லோரன்ஸும் 65 போட்டார்கள். பிற்பகல் முன்னணிக்காரர்கள் இறங்கியபோது வானம் வேறு. லௌரி 8-இல் இரட்டைப் போகி, முடிவில் 77. தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, மட்டைப் பிடியைத் துவாயால் துடைத்து, பிடித்து, திரும்பவும் துடைத்து நின்றதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சீ வூ கிம் 17-ஆவது குழியில் 238 யாரிலிருந்து ஒரே அடியில் போட்டபோது மாமா எழுந்து நின்றுவிட்டார். எங்கள் யாருக்கும் அதில் புள்ளி இல்லை, இருந்தும் எல்லோரும் கை தட்டினோம்.

ஹோர்ஷெல் 69. ஒரு அடி வித்தியாசத்தில் தனியாக முதலிடம். 6,200-க்கு எடுத்தவர்!

ஜூலை 21 – ஞாயிறு, இரவு 12 தாண்டி

ஒன்பது மணிக்குக் கரண்ட் போய்விட்டது, கம்பி மேல் மரம் விழுந்ததாம். போனில் 31 சதவீதம். வெளிச்சத்தைக் குறைத்து வைத்து எண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷோஃப்லி அடித்த 65-ஐ என்னவென்று சொல்வது. போகியே இல்லை. 6, 7-இல் பேர்டி, அப்புறம் ரோரியை விழுத்திய அதே 11-இல் ஒரு பேர்டி, 13, 14, 16. எதிர்க்காற்றுப் பாதியில் நான்கு. மே மாதம் பி.ஜி.ஏ. சம்பியன்ஷிப், இப்போது ஓபன். மொத்தம் பாருக்கு 9 கீழே, இரண்டடி வித்தியாசத்தில் வெற்றி.

ஆனால் என் நெஞ்சு அடித்துக்கொண்டது ஹோர்ஷெலுக்காக. பின்தங்கிப் போனவர் 16, 17, 18 மூன்றிலும் பேர்டி. பேர்டிக்கு 9, தொடருக்கு 3, அதோடு ரோஸுடன் சமனாக இரண்டாவது இடம், இரண்டு பேருக்கும் 20, 20. ஹென்லி ஐந்தாவது, லௌரி 68 அடித்து ஆறாவது. நான்கு பேரை வைத்துக்கொண்டு குழுவில் இரண்டாவதாக வந்துவிட்டேன். முதலிடம் மாமாவுக்குத்தான். ஷெஃப்லரும் இம்மும் ஏழாவது, ஸ்கொட் பத்தாவது, ஹாரிங்டனும் நான்கு நாளும் ஆடி முடித்தார்.

ஜூலை 22 – திங்கள்

பேக்கரி அண்ணன் கடைசி. சொந்தக் கடை மாலுபாணையே சூடாகக் கொண்டுவந்து கொடுத்தார். மாமா கொப்பியில் ட்ரூன் பக்கத்தில் ஷோஃப்லியின் நான்கு எண்களையும் எழுதச் சொல்லி என்னிடம் நீட்டினார், அவருக்கு இப்போது கை நடுங்குகிறது: 69, 72, 69, 65.

அடுத்தது ஓகஸ்ட் 1, பாரிஸ் ஒலிம்பிக். 60 பேர்தான், கட் கிடையாது, நான்கு நாளும் எல்லோரும் ஆடுவார்கள். அப்படியென்றால் ரோரியை எடுக்கலாம்தானே என்று மாமாவைக் கேட்டேன். கொப்பியில் புதுப் பக்கம் புரட்டி, அங்கே தண்ணீர் எந்தெந்தக் குழியில் இருக்கிறது என்று முதலில் பார்த்து எழுது என்றார்.