டிஓ கல்லூரித் தேர்வு: நான் பார்த்தது மூன்றாம் ஆண்டை

அமெரிக்காவில் மருத்துவராக எம்டி, டிஓ என்று இரண்டு பட்டங்கள் உண்டு. எம்டி கல்லூரிகள் எதுவும் என்னைக் கூப்பிடவில்லை. டிஓ கல்லூரிகளில் இரண்டு இடம் தந்திருந்தன. முன்பணம் கட்டக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா கட்டணத்தைப் பற்றிப் பேசினார், அம்மா நியூ ஜெர்சியிலிருந்து எத்தனை மணி நேரம் கார் ஓட்ட வேண்டும் என்று பார்த்தார். நான் இரண்டு கல்லூரிகளிடமும் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: மூன்றாம் ஆண்டில் மருத்துவமனைப் பயிற்சிக்கு என்னை எந்த ஊருக்கு அனுப்புவீர்கள், அங்கே யார் சொல்லித்தருவார்கள்?

டிஓ என்றாலே "அது எலும்பு வைத்தியமா?" என்று கேட்கும் சொந்தக்காரர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சுருக்கமாக: ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் 1892-இல் மிசௌரி மாநிலத்துக் கிர்க்ஸ்வில்லில் இதற்கான முதல் கல்லூரியைத் தொடங்கினார். இன்று அமெரிக்காவில் டிஓவும் எம்டியைப் போல முழு மருத்துவர்தான். மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம், ஐம்பது மாநிலங்களிலும் உரிமம் உண்டு. தசை, மூட்டுகளைக் கையால் சரிசெய்யும் பயிற்சி கூடுதல். 2020-க்குப் பிறகு இரண்டு பட்டக்காரர்களுக்கும் ரெசிடென்சி (பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் பெறும் துறைப் பயிற்சி) அங்கீகாரமும் ஒன்றாகிவிட்டது. ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் மேட்ச்சில், 2024-இல் டிஓ இறுதியாண்டு மாணவர்களில் 92 விழுக்காட்டுக்கு மேல் இடம் பிடித்தார்கள். ஆகவே டிஓவா எம்டியா என்ற கவலை எனக்குப் பெரிதாக இல்லை. எந்த டிஓ என்பதுதான் தலைவலி.

முதல் இரண்டு ஆண்டுகள் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். வகுப்பு, உடற்கூறு, காணொளிப் பாடம், அப்புறம் டிஓ மாணவர்களுக்கான உரிமத் தேர்வான காம்லெக்ஸின் முதல் நிலை. 2022-இலிருந்து அந்தத் தேர்வுக்கு மதிப்பெண் கிடையாது, தேர்ச்சியா இல்லையா என்பது மட்டும்தான். அதனால் பாடம் நடத்தும் விதத்தை ஒப்பிட்டு நான் நேரம் செலவழிக்கவில்லை. மூன்றாம் ஆண்டில்தான் கல்லூரிக்குக் கல்லூரி நிலைமை மாறுகிறது. உள்மருத்துவம், அறுவை, குழந்தைகள், மகப்பேறு, மனநலம், குடும்ப மருத்துவம் என்று கோர் ரொட்டேஷன்கள், அதாவது துறை துறையாகச் சுற்றிவரும் கட்டாயப் பயிற்சிகள். பெரும்பாலான டிஓ கல்லூரிகளுக்குச் சொந்தமாகப் பெரிய மருத்துவமனை இல்லை. வெளி மருத்துவமனைகளோடும் தனி டாக்டர்களோடும் ஒப்பந்தம் போட்டு மாணவர்களை அனுப்புகின்றன. அந்த ஒப்பந்தம் எவ்வளவு கெட்டியானது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கல்லூரிக்கு விண்ணப்பிப்பதற்கு முன் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஸ்கிரைப் வேலை பார்த்தேன். டாக்டர் பேசப் பேசக் கணினியில் நோயாளிக் குறிப்பு அடிக்கும் வேலை. பல கல்லூரிகளின் மாணவர்கள் அங்கே வருவார்கள். ரெசிடென்ட்களோடு (ரெசிடென்சியில் இருக்கும் மருத்துவர்கள்) சேர்ந்து வேலை செய்து பழகியவர் தானே போய் நோயாளியைப் பார்த்து, திரும்பி வந்து மூச்சுவிடாமல் கேஸைச் சொல்லி, பொறுப்பு மருத்துவரான அட்டெண்டிங் கேட்கும் கேள்விகளில் நன்றாக அடிவாங்குவார். மறுவாரம் அதே ஆள் இன்னும் தெளிவாகச் சொல்வார். சிலர் அதுவரை ஒரே ஒரு டாக்டரின் கிளினிக்கில் அவர் பின்னாலேயே நடந்து பழகியவர்கள். அவர்களும் புத்திசாலிகள்தான். ஆனால் வார்டில் காலையில் என்ன நடக்கும், குறிப்பு எப்படி எழுதுவது, இரவுப் பணியில் இருப்பவரிடம் நோயாளியை எப்படி ஒப்படைப்பது என்பதெல்லாம் அவர்களுக்குப் புதிதாக இருந்தது.

அதற்காகத் தனி டாக்டரிடம் போவது மட்டம் என்று சொல்லமாட்டேன். அறுவையில் அதுவே லாபம். ரெசிடென்ட் இல்லாத இடத்தில் டாக்டருக்கு எதிரே நிற்பது நீங்கள்தான். கேமராவைப் பிடிப்பீர்கள், தையல் போடுவீர்கள். பெரிய பயிற்சி மருத்துவமனையில் நாலு பேர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப்பார்க்க வேண்டும். குடும்ப மருத்துவத்துக்கும் கிளினிக்தான் சரியான இடம். உள்மருத்துவம் மட்டும் வார்டில், ரெசிடென்ட் குழுவோடு கிடைத்தே ஆகவேண்டும் என்பது என் கட்சி.

சரி, என் இரண்டு கல்லூரிகளுக்கு வருகிறேன். பெயர் வேண்டாம். முதலாவது கட்டணம் குறைவு, கட்டடம் புத்தம் புதிது. நேர்காணலன்று ஒரு வரைபடத்தைக் காட்டினார்கள். பல மாநிலங்களில் புள்ளிகள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எந்தப் புள்ளியில் எத்தனை இடம், அதில் ரெசிடென்ட் இருக்கும் மருத்துவமனைகள் எவை என்று கேட்டதும் "ஒவ்வொரு வருஷமும் மாறும்" என்றார்கள். இடம் ஒதுக்குவது லாட்டரி. அங்கே நான்காம் ஆண்டு படிக்கும் ஒரு தமிழ் அக்காவைத் தெரிந்தவர்கள் மூலம் பிடித்தேன். மனநல ரொட்டேஷனுக்கு டாக்டரைத் தானே தேடிக்கொள்ளச் சொன்னார்களாம். மாதத்துக்கு ஒரு ஊர், ஒவ்வொரு ஊரிலும் தற்காலிக வாடகை. "பெட்டியைப் பிரிக்கிறதே இல்லடா" என்றார்.

இரண்டாவது கல்லூரி பழையது, தூரம், கட்டணமும் அதிகம். ஆனால் மூன்றாம் ஆண்டு முழுக்க ஒரே அடிப்படை மருத்துவமனை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டிஓ கல்லூரி இந்த முறைக்குப் பேர்போனது. மாநிலம் முழுக்க மருத்துவமனைகள், மாணவர்கள் அவற்றில் ஒன்றில் வேர்விட்டு இருப்பார்கள். நான் சேர்ந்தது அதுவல்ல, ஆனால் ஏற்பாடு அதே மாதிரிதான். இதற்கு நேர் எதிரான ஒன்றும் இருக்கிறது. அரிசோனாவில் மேசா நகரில் உள்ள ஏ.டி. ஸ்டில் பல்கலைக்கழகக் கல்லூரி, இரண்டாம் ஆண்டிலேயே மாணவர்களை நாடு முழுக்க உள்ள சமூக சுகாதார மையங்களுக்கு அனுப்பிவிடுகிறது. ஏழை நோயாளிகளோடு குடும்ப மருத்துவம் செய்யத்தான் ஆசை என்பவருக்கு அது அருமையான வழி.

என் ஆசை வேறு, அவசர சிகிச்சை. அந்தத் துறைக்கு விண்ணப்பிக்கும்போது சாதாரணப் பரிந்துரைக் கடிதம் எடுபடாது. ஸ்லோ என்ற தனிப் படிவம் உண்டு. அத்துறையில் ரெசிடென்சி நடத்தும் மருத்துவமனையில் நான்காம் ஆண்டில் ஒரு மாதம் வேலை செய்தால், மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டு நீங்கள் எந்த இடம் என்று அதில் எழுதுவார்கள். கல்லூரியோடு இணைந்த மருத்துவமனையில் அந்த ரெசிடென்சி இருந்தால் முதல் ஸ்லோ வீட்டிலேயே கிடைத்துவிடும். இல்லாவிட்டால் வெளி மருத்துவமனைப் பயிற்சிக்கான விஎஸ்எல்ஓ என்ற இணையதளத்தில் ஊர் ஊராக விண்ணப்பம் போட்டு, யாராவது கூப்பிடுவார்களா என்று காத்திருக்க வேண்டும். அதற்கும் கல்லூரி எத்தனை எலெக்டிவ் (விருப்பப் பயிற்சி) மாதங்களை வெளியே எடுக்க விடும் என்று ஒரு விதி இருக்கும். மாணவர் கையேட்டில் இந்த விதியைத் தேடிப் படித்தேன். பலர் சேர்ந்த பிறகுதான் அந்தக் கையேட்டையே திறக்கிறார்கள்.

கல்லூரிகள் வெளியிடும் ரெசிடென்சி இட விகிதத்தை வைத்து முடிவெடுக்க அப்பா சொன்னார். டிஓ கல்லூரிகளை அங்கீகரிக்கும் கோக்கா அமைப்பு இதை வெளியிடச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறது, நல்ல விஷயம். ஆனால் எல்லாக் கல்லூரியும் தொண்ணூற்றுச் சொச்சம் காட்டும்போது அதை வைத்து என்ன தெரியும்? கேட்ட துறையில் கிடைத்தவரும், மேட்ச்சில் எதுவும் கிடைக்காமல் சோப் என்ற அடுத்த சுற்றில் மிச்சமிருந்த ஓராண்டு இடத்தைப் பிடித்தவரும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். நான் மேட்ச் பட்டியலைத் துறைவாரியாக வாங்கி, அவசர சிகிச்சைக்குப் போனவர்கள் எந்த அடிப்படை மருத்துவமனையிலிருந்து போனார்கள் என்று பார்த்தேன்.

இன்னொரு பயமும் இருந்தது. மருத்துவமனை மூடிவிட்டால்? 2019-இல் பிலடெல்ஃபியாவில் ஹானிமன் பல்கலைக்கழக மருத்துவமனை மூடியபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரெசிடென்ட்கள் வேறு இடம் தேடி ஓடினார்கள், மாணவர்களும் கலைந்தார்கள். பெரிய பெயர் இருந்தால் பாதுகாப்பு என்று எண்ணவே முடியாது. இதை இரண்டு கல்லூரிகளிடமும் கேட்டேன். இரண்டாவது கல்லூரியில் ஒரு டீன் அம்மா, தங்கள் மருத்துவமனை ஒன்றில் மகப்பேறுப் பிரிவு மூடியபோது மாணவர்களை எங்கே மாற்றினோம் என்று விவரமாகச் சொன்னார். முன்பணத்தை அங்கே கட்டினேன். முதல் கல்லூரிக்கு ஏற்கெனவே கட்டியிருந்தது போனது போனதுதான், திரும்ப வராது.

மூன்றாம் ஆண்டு எப்படிப் போனது என்று கேட்டால், உள்மருத்துவமும் அறுவையும் நினைத்ததைவிட நன்றாக இருந்தன. குழந்தைகள் மருத்துவம் சப்பென்று முடிந்தது. முழுக்க கிளினிக், காது வலியும் தடுப்பூசியும்தான். மருத்துவமனையில் படுத்திருக்கும் குழந்தையை நான் பார்த்ததே இல்லை. ரொட்டேஷன் முடிவில் எழுதும் காமாட் தேர்வில் அது தெரிந்தது. நான்காம் ஆண்டில் எலெக்டிவ் ஒன்றைக் குழந்தைகள் மருத்துவமனையில் போட்டு ஈடுகட்டினேன். ஸ்லோ முதலாவது எங்கள் மருத்துவமனையிலேயே கிடைத்தது. அடுத்ததற்கு ஒஹாயோவுக்கு ஆடிஷன் (வெளி மருத்துவமனையில் ஒரு மாதப் பயிற்சி) போனேன், ஒரு மாத வாடகை அப்பா தந்தார்.

இப்போது தேர்ந்தெடுக்க உட்கார்ந்திருப்பவர்கள், சேர்க்கை அலுவலகம் அறிமுகப்படுத்தும் மாணவ வழிகாட்டிகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் அவர்கள் முதலாம், இரண்டாம் ஆண்டுக்காரர்கள், ரொட்டேஷனை இன்னும் பார்த்திராதவர்கள். நான்காம் ஆண்டில் இருப்பவரைத் தேடிப் பிடித்து, கோர் ரொட்டேஷன்களில் எதை ரெசிடென்ட்களோடு செய்தார், எதற்கு டாக்டரைத் தானே தேடினார், எத்தனை முறை வீடு மாறினார் என்று கேளுங்கள். பிப்ரவரியில் கேட்டால் பதில் சொல்ல அவர்களுக்கு நேரம் இருக்கும். ரெசிடென்சி நேர்காணல்கள் முடிந்து, மார்ச் மேட்ச்சுக்காகச் சும்மா காத்திருப்பார்கள்.