விட்ட மூச்சையே இழுக்கும் பெட்டி

பிப்ரவரி 3

கம்ப்யூட்டரை ஒரு சின்ன புது கேஸுக்கு, அதாவது பெட்டிக்கு, மாற்றி ஒரு வாரம் ஆகிறது. மொத்தக் கொள்ளளவு 10 லிட்டருக்கும் சற்றுக் குறைவு. 17 செ.மீ. சதுர மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டு ஒரு பக்கம், ஆர்டிஎக்ஸ் 4070 கிராஃபிக்ஸ் கார்டு மறுபக்கம், நடுவில் ஒரு தகடு, இரண்டையும் சேர்க்க ஒரு ரைசர் கேபிள். ரைசன் 7 7800எக்ஸ்3டி ப்ராசஸர் மேல் 47 மி.மீ. உயரக் கூலர் உட்கார்ந்திருக்கிறது. மேலே 120 மி.மீ. ஒல்லி ஃபேன் இரண்டு. மேசையில் வைத்தால் அழகுதான். ஆனால் கேம் ஆரம்பித்து இருபது நிமிடம் ஆனால் போதும், பக்கத்து அறையிலிருந்து தங்கை எட்டிப் பார்க்கிறாள்.

"என்னண்ணா, உன் பெட்டி இப்படி மூச்சு வாங்குது?"

அவள் விளையாட்டாகச் சொன்னாள். எண்களைப் பார்த்தால் விளையாட்டாக இல்லை. சிபியூ, அதாவது அந்த ப்ராசஸர், 87 டிகிரி. இந்தச் சிப்புக்கு 89தான் எல்லை, அதைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஜிபியூ, அதாவது கார்டின் சிப், 79.

பிப்ரவரி 4

கண்டபடி கழற்றி மாட்டுவதற்கு முன்னால் அளவெடுக்கும் முறையை முடிவு செய்தேன். ஒரே கேம், ஒரே இடம், 30 நிமிடம், கடைசி ஐந்து நிமிடத்தின் சராசரி. மேசையில் ஒரு தெர்மாமீட்டர். அறையின் வெப்பத்தைக் கழித்து மிச்சத்தை மட்டும்தான் நோட்டில் எழுதுவேன். காலையில் 27, மதியம் 31 என்று அறையே ஆடும்போது, "மூணு டிகிரி குறைஞ்சிடுச்சு" என்று சந்தோஷப்படுவதில் அர்த்தம் இல்லை.

இன்று அறை 29. சிபியூ அறையைவிட 58 கூட, ஜிபியூ 50 கூட. மேல் ஃபேன்கள் நிமிடத்துக்கு 1500 சுற்றில். இதுதான் ஆரம்பப் புள்ளி.

பிப்ரவரி 5

தூக்கம் வராமல் ஒரு கணக்குப் போட்டேன். கார்டு 200 வாட், சிபியூ 65, மதர்போர்டு, ரேம், பவர் சப்ளை விரயம் எல்லாம் சேர்த்து 300 வாட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1.2 ஜூல் போதும். வெளியேறும் காற்று அறையைவிட 10 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்றால் நொடிக்கு 25 லிட்டர் காற்று வேண்டும். பெட்டியே 10 லிட்டர்தான். அதாவது உள்ளே இருக்கும் மொத்தக் காற்றும் நொடிக்கு இரண்டரை தடவை மாறியாக வேண்டும்.

ஃபேன் அட்டையில் போட்டிருக்கும் காற்றளவைப் பார்த்தால் இரண்டு ஃபேன் தாராளமாகப் போதும். ஆனால் அந்த எண் எதிரே எந்தத் தடையும் இல்லாதபோது எடுத்தது. சல்லடைத் தகடு, கேபிள் கட்டு, கூலர் இடுக்கு என்று வந்துவிட்டால் அதில் எவ்வளவு மிஞ்சும்?

பிப்ரவரி 7

இன்றைய பொழுது டிஷ்யூ பேப்பரோடு போனது. ஒரு விரல் அகலத்தில் கீற்றுகளாகக் கிழித்து, இரண்டு பக்கத் தகடுகளிலும் வரிசையாக டேப் போட்டு ஒட்டினேன். நுனி தொங்க வேண்டும். காற்று உள்ளே போனால் கீற்று சல்லடையில் ஒட்டிக்கொள்ளும், வெளியே வந்தால் படபடக்கும்.

மேல் ஃபேன் இரண்டையும் உள்ளே ஊதும்படி மாட்டியிருந்தேன். உள்ளே அழுத்தம் கூடுதலாக இருந்தால் தூசி சேராது என்று எப்போதோ படித்தது மண்டையில் உட்கார்ந்திருந்தது. குளிர்ந்த காற்று மதர்போர்டு மேல் நேராக இறங்கட்டுமே என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டது.

கேமை ஓடவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். சிபியூ கூலருக்கு நேரே இருந்த கீற்று தகட்டோடு ஒட்டிக்கொண்டது. சரிதான். அதற்கு நாலு விரல் மேலே இருந்த கீற்று வெளிப்பக்கம் படபடத்தது. கையை வைத்தால் சுடச்சுடக் காற்று. கார்டு பக்கமும் அதே கதை: ஃபேனுக்கு நேரே உறிஞ்சல், ஓரங்களில் சூடான கசிவு.

விஷயம் விளங்கிவிட்டது. மேலிருந்து திணித்த காற்று, கார்டும் கூலரும் கக்கிய சூட்டையும் தள்ளிக்கொண்டு வெளியேறுகிறது. எந்த வழியாக? கூலரும் கார்டும் மூச்சிழுக்கும் அதே ஓட்டைகளின் ஓரமாக. விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறது பெட்டி. தங்கை சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

இரண்டு ஃபேனையும் கழற்றித் திருப்பினேன். மோட்டாரைத் தாங்கும் நாலு கைகள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ அந்தப் பக்கம்தான் காற்று போகும். ஃபேன் ஓரத்தில் அம்புக்குறி இல்லாவிட்டாலும் இதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். திருப்பியதும் பக்கத் தகடுகளின் கீற்றுகள் அத்தனையும் உள்ளே சாய்ந்தன. பார்க்கவே திருப்தியாக இருந்தது.

அதே 1500 சுற்று. சிபியூ அறையைவிட 51 கூட. ஜிபியூ 45 கூட. நாலு ஸ்க்ரூ வேலைக்கு 7 டிகிரி.

சூடான காற்று தானே மேலே போகும், அதனால்தான் இது வேலை செய்கிறது என்று நண்பன் சொன்னான். சூடான காற்று ஏறும்தான். ஆனால் ஃபேன் சுற்றும் பெட்டியில் அந்த ஏற்றத்தின் பலம் ஒன்றுமே இல்லை. உறிஞ்சும் வழியும் கக்கும் வழியும் பிரிந்ததால்தான் பலன்.

பிப்ரவரி 8

கை சும்மா இருக்குமா? எல்லாம் வெளியே தள்ளினால் நல்லது என்றால் கூலர் ஃபேனும் வெளியே தள்ளட்டுமே என்று அதையும் கவிழ்த்துப் போட்டேன். சிபியூ 55க்கு ஏறியது. அதைவிட மோசம், தகவல் சேமிக்கும் எஸ்எஸ்டி, அறையைக் கழிக்காமல், 63லிருந்து 72. கூலரிலிருந்து கீழே இறங்கும் காற்றுதான் இத்தனை நாள் எஸ்எஸ்டியையும் மின்சாரப் பகுதிகளையும் ரேமையும் சேர்த்துக் குளிர்வித்திருக்கிறது, அது நின்றுபோனது. வேறு கேஸில் இந்தத் திருப்பல் நன்றாக வேலை செய்யலாம். இங்கே இல்லை. பழையபடி மாட்டினேன்.

பிப்ரவரி 11

கூலர் ஃபேனுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே 12 மி.மீ. இடைவெளி. டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் உறுத்தியது. ஃபேன் வெளிக்காற்றை மட்டும் இழுக்கும் என்று யார் சொன்னது? ஓரத்தில் இருக்கும் உள்காற்று அதற்கு இன்னும் பக்கம்.

பார்சலோடு வந்த ஃபோம் பலகையில் காம்பஸால் வட்டம் போட்டு பிளேடால் வெட்டினேன். முதல் வளையத்தில் உள்வட்டம் சின்னதாகிவிட்டது. மூடியதும் டிக் டிக் டிக் என்று இறக்கை நுனி ஃபோமில் உரசுகிறது. திறந்து பார்த்தால் கறுப்புத் தூளாக உதிர்ந்திருக்கிறது. நல்லவேளை, இறக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது வளையத்தை இறக்கை வட்டத்தைவிட 2 மி.மீ. பெரிதாக வெட்டி, உயரத்தை 13 மி.மீ. வைத்தேன். தகடு மூடும்போது ஒரு மி.மீ. அமுங்கிச் சந்து இல்லாமல் உட்கார்ந்துவிட்டது.

சிபியூ 47 கூட. நாலு டிகிரி, ஒரு ஃபோம் துண்டுக்கு! ஜிபியூவில் மாற்றம் இல்லை, இருக்கவும் நியாயமில்லை.

பிப்ரவரி 12

பவர் சப்ளை கேபிள்கள் மேல் ஃபேனுக்கு நேர் கீழே உருண்டையாகக் கிடந்தன. தட்டையாக விரித்து நடுத்தகட்டோடு கட்டினேன். அரை டிகிரி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சத்தம் மட்டும் கொஞ்சம் மென்மையானது.

பிப்ரவரி 15

உற்பத்தியாகிற சூட்டையே குறைத்தால் என்ன என்ற இடத்துக்கு ஒருவழியாக வந்து சேர்ந்தேன். முதல் நாளே வந்திருக்க வேண்டும்.

சிப் தின்னும் மின்சாரம் ஏறக்குறைய வோல்டேஜின் வர்க்கத்தோடும் வேகத்தோடும் ஏறுகிறது. வேகத்தை லேசாக விட்டுக்கொடுத்து வோல்டேஜைக் கணிசமாக இறக்கினால் லாபம் நம் பக்கம். ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கார்டின் வோல்டேஜ்-வேகக் கோட்டை 0.95 வோல்ட்டில் 2600 மெகாஹெர்ட்ஸ் என்று தட்டையாக்கினேன். 195 வாட் தின்றுகொண்டிருந்தது 155க்கு இறங்கியது. ஃபிரேமில் நூற்றுக்கு இரண்டு மூன்று போயிருக்கும், கண்ணுக்குத் தெரியவில்லை. பேராசையில் 0.9 வோல்ட்டில் அதே வேகத்தைக் கேட்டேன். எட்டாவது நிமிடம் கேம் டெஸ்க்டாப்புக்கு வந்து விழுந்தது.

சிபியூவில் வோல்டேஜை இறக்கும் கர்வ் ஆப்டிமைசர் அமைப்பை மைனஸ் 30 வைத்தேன். இரவு முழுக்கக் கடுமையான சோதனை, அசையவில்லை. காலையில் ஒன்றுமே செய்யாமல் பிரவுசர் திறந்திருந்தபோது ரீஸ்டார்ட் ஆனது! பாரம் குறைந்த நேரத்தில்தான் ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்குத் தாவுகிறது, அப்போது அந்த வோல்டேஜ் பற்றுவதில்லை. மைனஸ் 20ல் நிறுத்திவிட்டேன்.

சிபியூ 40 கூட, ஜிபியூ 37 கூட. கார்டின் சூடு குறைந்ததில் சிபியூவுக்கும் பங்கு கிடைத்திருக்கிறது. ஒரே பெட்டிக்குள் வாழ்கிற இரண்டு பேர் அல்லவா.

பிப்ரவரி 18

இப்போது கையில் உபரி இருக்கிறது, அதைச் சத்தத்துக்குச் செலவழிக்கலாம்.

முதல் தொல்லை, மேல் ஃபேன்கள் சிபியூ சூட்டைப் பார்த்து ஓடுகின்றன. ஒரு ஃபோல்டர் திறந்தாலே இந்தச் சிப் 15 டிகிரி துள்ளும், மறுநொடி இறங்கும். ஃபேனும் கூடவே உஸ்... உஸ்... என்று. நிலையான இரைச்சலைக் காது மறந்துவிடும், ஏறி இறங்குவதை மறக்காது. பெட்டிக்குள் காற்று சூடாவதோ மெதுவாக. அதனால் ஃபேன்கன்ட்ரோல் மென்பொருளில் மேல் ஃபேன்களை ஜிபியூ வெப்பத்தோடு கட்டினேன். கூலர் ஃபேன் மட்டும் சிபியூவைப் பார்க்கும், அதுவும் ஐந்து நொடி தாமதத்தோடு.

இரண்டாவது தொல்லை, 1200 சுற்று அருகே ஒரு ரீங்காரம். மேல் தகட்டில் விரலை வைத்தால் நின்றுவிடுகிறது, எடுத்தால் தொடங்குகிறது. ஃபேன் அதிர்வுக்குத் தகடு தாளம் போடுகிறது. ஸ்க்ரூவுக்குப் பதில் ரப்பர் முளை மாட்டியதில் பாதி அடங்கியது. மீதிப் பாதிக்கு, 1100ல் இருந்து நேராக 1300க்குத் தாவும்படி ஃபேன் வேகக் கோட்டில் ஒரு படி வெட்டிவிட்டேன். நடுவில் அது நிற்கவே நிற்காது.

கேமில் இப்போது 1000 சுற்று. 1500லிருந்து இறங்கியதில் காற்று மூன்றில் ஒரு பங்கு குறையும், ஃபேன் சத்தமோ விதிப்படி 9 டெசிபல் அளவுக்கு விழும். சிபியூ 43 கூட, ஜிபியூ 38 கூட. இந்தப் பேரம் எனக்குச் சம்மதம்.

பிப்ரவரி 23

ஐந்து நாளாக எதையும் தொடவில்லை. அறை 31 இருந்த மதியத்தில்கூட சிபியூ 75ஐத் தாண்டவில்லை. எஸ்எஸ்டி 59.

சாயங்காலம் தங்கை வந்து, "இன்னைக்கு விளையாடலையாண்ணா?" என்றாள். ஒரு மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்தப் பேப்பர் துண்டெல்லாம் எதுக்கு? பிச்சிடவா?" என்று கை நீட்டினாள்.

வேண்டாம் என்றேன். தூசி ஏறி சல்லடை அடைத்தால் முதலில் சாய்வு குறையப்போவது அந்தக் கீற்றுகளில்தான்.