அயர்லாந்து செல்லும் நர்ஸ்களுக்கு: தேர்வில் வராத ஆங்கிலம்

ஓஈடி அல்லது ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் தேறி, டப்ளினுக்கோ கார்க்குக்கோ பணி ஆணையும் கைக்கு வந்துவிட்டால், ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டியது போதும் என்று தோன்றும். இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அங்கே முதியோர் வார்டில் காதில் விழும் ஆங்கிலம் தேர்வு ஒலிப்பதிவுகளில் வருவதில்லை. அதற்கு நான் எப்படித் தயாரானேன் என்பதை, அடுத்துப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

இணையத்தில் கிடைக்கும் ஐரிஷ் கொச்சைச் சொல் பட்டியல்கள் பெரும்பாலும் மதுக்கடை அரட்டைக்கானவை. 'கிராக்' என்றால் கேளிக்கை அல்லது புதுச் செய்தி. 'வாட்ஸ் த கிராக்?' என்று கேட்பவர் அதே ஒலியுள்ள போதைப்பொருளைத் தேடவில்லை. 'டெட்லி' என்றால் பிரமாதம். 'ஜாக்ஸ்' என்றால் கழிப்பறை. இது மட்டும் வார்டிலும் உதவும். மற்றவை தெரியாவிட்டாலும் எந்த நோயாளிக்கும் கேடில்லை.

கேடு வரக்கூடிய இடம் இலக்கணம். ஒரு பாட்டி 'ஐயாம் ஆஃப்டர் டேக்கிங் மை டேப்லட்' என்கிறார். இனிமேல்தான் சாப்பிடப் போகிறார் என்று நம் காது எடுத்துக்கொள்ளும். அவர் சொன்னதோ, 'இப்போதுதான் மாத்திரை சாப்பிட்டேன்' என்பது. மறுபடியும் ஒரு மாத்திரையை நீட்டினால் என்ன ஆகும் என்று நர்ஸ்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அயர்லாந்தின் சொந்த மொழியான ஐரிஷில் சற்றுமுன் முடிந்த செயலை இப்படித்தான் சொல்வார்கள். அந்த வாக்கிய அமைப்பு அப்படியே அவர்களுடைய ஆங்கிலத்தில் குடியேறிவிட்டது. 'ஐயாம் ஆஃப்டர் ஃபாலிங்' என்றால் இப்போதுதான் கீழே விழுந்தேன் என்று பொருள். கேட்டவுடன் ஓட வேண்டிய வாக்கியம் அது. இதற்கு நான் செய்த பயிற்சி எளிமையானது: 'இப்போதுதான் தூங்கினார்', 'இப்போதுதான் சாப்பிட்டார்' என்று வார்டில் புழங்கும் வாக்கியங்களைத் தமிழில் நினைத்து, ஒவ்வொன்றையும் 'ஆஃப்டர்' போட்டு வாய்விட்டுச் சொல்வது. நாக்கு பழகினால் காதும் பழகிவிடும்.

அடுத்தது உடல்நிலையைச் சொல்லும் பேச்சு. 'ஐ காட் சிக்' என்றால் பெரும்பாலும் வாந்தி எடுத்தேன் என்றே பொருள். பொதுவாக உடம்பு சரியில்லை என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடக் கூடாது. 'ஐ ஹேவ் எ டோஸ்' என்பவர் மருந்தின் அளவைப் பற்றிப் பேசவில்லை, கடும் சளிக்காய்ச்சலில் கிடக்கிறார். 'பெரிஷ்ட்' என்றால் குளிரில் விறைக்கிறேன், போர்வை கொண்டுபோங்கள். 'ஷூக்' என்று ஒருவரைச் சொன்னால் ஆள் வாடி வெளிறிப் போயிருக்கிறார் என்று அர்த்தம். 'கிவிங் அவுட்' என்பதில் யாரும் எதையும் கொடுப்பதில்லை. திட்டிக்கொண்டோ குறை சொல்லிக்கொண்டோ இருக்கிறார். 'ப்ரெஸ்ஸில் இருக்கிறது' என்றால் அலமாரியில் பாருங்கள்.

எல்லாவற்றிலும் பொல்லாத சொல் 'கிராண்ட்'. எப்படி இருக்கிறீர்கள் என்றால் 'கிராண்ட்', அதாவது நலம்; தேநீர் வேண்டுமா என்றால் 'ஐயாம் கிராண்ட்', அதாவது வேண்டாம். இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கும் பெரியவரும் இதையேதான் சொல்வார். அடுத்தவருக்குத் தொந்தரவு தரக் கூடாது என்று அந்தத் தலைமுறை வளர்ந்த விதம் அது. ஆகவே வலியைப் பற்றி 'எப்படி இருக்கிறது?' என்று கேட்காதீர்கள். பூஜ்யம் முதல் பத்து வரை எண் கேளுங்கள். 'கிராண்ட்' என்றவரே ஏழு என்பார்.

நேரத்தையும் கவனியுங்கள். 'ஹாஃப் செவன்' என்றால் ஏழரை. 'டியூஸ்டே வீக்' என்றால் வரும் செவ்வாய் அல்ல, அதற்கு அடுத்த செவ்வாய். மறுபரிசோதனைத் தேதிகளில் இது குழப்பும். தேதியை எண்ணாகவே சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பெயர்கள் தனிப் பாடம். பி-எச், எம்-எச் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் 'வ' ஒலி. 'நியாம்' என்று நாம் வாசிக்கும் பெயர் நீவ். 'சியோபன்' என்று தோன்றுவது ஷிவான். வரவேற்பறையில் கூப்பிட்டு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் இதுதான் காரணமாக இருக்கும்.

காதைப் பழக்க எனக்கு அதிகம் உதவியது வானொலி. அயர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஈயின் ரேடியோ 1-இல் வார நாள்களில் பிற்பகலில் வரும் 'லைவ்லைன்' நிகழ்ச்சிக்கு நாடெங்கிலுமிருந்து மக்கள் தொலைபேசியில் பேசுவார்கள். குறை சொல்வதுதான் அதிகம், ஆகவே இயல்பான பேச்சு கொட்டும். உள்ளூர் வானொலிகளில் மரண அறிவிப்புகள் வாசிப்பார்கள். கேட்கச் சங்கடமாக இருந்தாலும், அந்த வட்டாரத்தின் குடும்பப் பெயர்களுக்கும் ஊர்ப் பெயர்களுக்கும் அதைவிட நல்ல பாடம் கிடையாது. காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுத முயலாமல் தமிழ் எழுத்தில் அப்படியே குறித்துக்கொண்டு, மறுநாள் உடன் வேலை செய்பவரிடம் வாசித்துக் காட்டுவேன். சிரித்துக்கொண்டே விளக்குவார்கள். பதிவுக்கு முன் மருத்துவமனையில் மேற்பார்வையில் வேலை பழகும் தகவமைப்புப் பயிற்சிக் காலம் உள்ளவர்களுக்கு இதற்கு அவகாசம் உண்டு; அதற்குப் பதிலாக டப்ளினில் உள்ள ஆர்சிஎஸ்ஐ மருத்துவப் பல்கலைக்கழகம் நடத்தும் தகுதித் தேர்வு வழியாகப் போகிறவர்கள் ஊரிலேயே கேட்கத் தொடங்கிவிடுவது நல்லது.

அவர்களைப் போலவே பேச முயல வேண்டாம், புரிந்தால் போதும். 'ஐ வில், யா' என்று இழுத்துச் சொன்னால் 'செய்யவே மாட்டேன்' என்று பொருள். அந்த இழுப்பு நமக்கு வராது. எழுத்தில் அறவே வேண்டாம். நோயாளி 'காட் சிக்' என்று சொன்னாலும் குறிப்பேட்டில் வாந்தி என்பதற்கான மருத்துவச் சொல்லையே எழுதுங்கள். எத்தனை முறை, எவ்வளவு, என்ன நிறம் என்பதையும் சேர்த்து.