ஆட்ஸ் ரேஷியோவும் அந்த 78.8-உம்

மருத்துவ முதுகலை மாணவர்களுக்குப் புள்ளியியல் எடுக்கிறேன். ஆட்ஸ் என்றால் ஒன்று நடந்தவர்களின் எண்ணிக்கையை நடக்காதவர்களின் எண்ணிக்கையால் வகுப்பது; இரு குழுக்களின் ஆட்ஸை ஒப்பிடுவது ஆட்ஸ் ரேஷியோ. இந்தப் பாடம் வந்தாலே நான் கையில் எடுப்பது கெவின் ஷுல்மன் குழுவினரின் ஆய்வைத்தான். 1999-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது.

அமெரிக்காவில் மாநாடுகளுக்கு வந்திருந்த 720 டாக்டர்களுக்கு நெஞ்சுவலிக்காரர் ஒருவரின் வீடியோவைக் காட்டினார்கள். நோயாளிகளாக வந்தவர்கள் எட்டு நடிகர்கள்: வெள்ளையர், கறுப்பர், ஆண், பெண், வயது 55 அல்லது 70. எல்லாருக்கும் ஒரே கவுன், ஒரே வசனம். இவரை ஆஞ்சியோவுக்கு (இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பார்க்கும் பரிசோதனைக்கு) அனுப்புவீர்களா என்பதுதான் முக்கியக் கேள்வி.

ஆண்களோடு ஒப்பிட்டால் பெண்களுக்கு ஆட்ஸ் ரேஷியோ 0.6. வெள்ளையரோடு ஒப்பிட்டால் கறுப்பினத்தவருக்கும் 0.6. பத்திரிகைகள் உடனே "40 சதவீதம் குறைவு" என்று எழுதிவிட்டன. போர்டில் போட்டுப் பார்த்தால் ஆஞ்சியோவுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஆண்களில் 90.6 சதவீதம், பெண்களில் 84.7. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் வெறும் 7 சதவீதக் குறைவுதான். பெரும்பாலானோரை அனுப்பும் இடத்தில் ஆட்ஸ் இப்படித்தான் ஊதிப் பெருக்கும். அதே இதழிலேயே அந்த ஆண்டே இதைச் சுட்டிக்காட்டினார்கள்.

"அப்போ பாகுபாடு பெரிசா இல்ல, அப்படித்தானே சார்?" என்று யாராவது கேட்பார்கள். அதற்காகவே காத்திருப்பேன். நான்கு குழுக்களையும் பிரித்து எழுதுவேன். வெள்ளை ஆண் 90.6, வெள்ளைப் பெண் 90.6, கறுப்பு ஆண் 90.6. கறுப்புப் பெண் மட்டும் 78.8. பெண்கள், கறுப்பினத்தவர் என்று இரண்டு கணக்கிலும் விழுந்த பள்ளம் இவர்களுடையது மட்டுமே. 40 சதவீதம் தப்பு என்று திருத்தியதோடு பலர் இதையும் சேர்த்து மறந்துவிட்டார்கள் என்பது என் எரிச்சல்.

நடிகர்கள்தானே என்பவர்களுக்கு 2005-இல் வயோலா வக்கரினோ குழு வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. 1994 முதல் 2002 வரை மாரடைப்போடு அமெரிக்க மருத்துவமனைகளுக்கு வந்த ஏறக்குறைய ஆறு லட்சம் பேரின் பதிவு. ஆஞ்சியோ செய்யப்பட்டவர்கள் வெள்ளை ஆண்களில் 69.1 சதவீதம், கறுப்புப் பெண்களில் 55. வயது, மற்ற நோய்கள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் 24 சதவீதம் குறைவு. இது ஆட்ஸ் இல்லை, ரிஸ்க் ரேஷியோ, அதாவது சதவீதங்களையே நேரடியாக ஒப்பிடுவது. ஆண்டுகள் போகப் போக இடைவெளி சுருங்கவும் இல்லை.

அதே அட்டவணையில் ஆஸ்பிரினையும் பார்க்கச் சொல்வேன். அதே மாதிரி சரிசெய்த பிறகு நான்கு குழுவுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. மாத்திரை எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைத்திருக்கிறது, ஆஞ்சியோ அப்படிக் கிடைக்கவில்லை.