அரைக் கொத்தும் கால் கொத்தும்

மூன்று கிழமைக்கு முதல் என் வகுப்புக்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்தாள். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் இரண்டு தடவையும் டபிள்யூ, அதாவது பெயில். கூட்டிக்கொண்டு வந்த தாய் வாசலில் நின்றபடியே சொன்னா: "சேர், மத்தப் பாடமெல்லாம் நல்லாச் செய்வாள். கணக்குத்தான் இவளுக்கு ஏறாது." பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பேச்சு அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

இரண்டாம், மூன்றாம் தடவை எழுதுகிற பிள்ளைகளுக்கென்றே சனிக்கிழமைகளில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு வகுப்பு வைத்திருக்கிறேன். புதிதாக வருகிற எவருக்கும் முதல் நாள் ஆண்டு 11 கணக்குக் கொடுப்பதில்லை. ஆண்டு 6, 7 கணக்குகள் பத்துப் பன்னிரண்டு எழுதிய தாள் ஒன்று கொடுப்பேன். அவள் நாலாவது கணக்கை இப்படிச் செய்திருந்தாள்: 1/2 + 1/4 = 2/6. அழித்துத் திருத்திய அடையாளம் ஒன்றுகூட இல்லை. சரி என்ற முழு நம்பிக்கையோடு எழுதிய விடை.

"இது எப்பிடி வந்தது மகள்?"

"மேல இருக்கிறத மேலயும், கீழ இருக்கிறதக் கீழயும் கூட்டினன் சேர்."

என் மேசையில் எப்போதும் ஒரு கொத்துப்பேணியும் சுண்டு அளக்கிற பால்பேணியும் கொஞ்சம் அரிசியும் இருக்கும். நாலு சுண்டு ஒரு கொத்து என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அரைக் கொத்து போடச் சொன்னேன். இரண்டு சுண்டு போட்டாள். இன்னும் ஒரு கால் கொத்து போடச் சொன்னேன். ஒரு சுண்டு போட்டாள். எவ்வளவு என்று கேட்டதும் "முக்காக் கொத்து" என்றாள், யோசிக்கவே இல்லை.

"நீ எழுதின 2/6ஐச் சுருக்கினா 1/3. அது அரையை விடக் குறைவு. அரக் கொத்து அரிசிக்கு மேல காக் கொத்து போட்டா அரிசி குறையுமா புள்ள?"

தன் தாளை எடுத்துக் கனநேரம் பார்த்தாள். "ஒரு நாளும் குறையாது சேர்" என்று மெதுவாகச் சொன்னாள். பன்னிரண்டு வயதிலிருந்து வீட்டில் சோறு வடிக்கிற பிள்ளை. தாய் மத்திய கிழக்கில் வேலைக்குப் போயிருந்த காலத்தில் தம்பிமார் இரண்டு பேரையும் பார்த்தது இவள்தான். ஆண்டு 6இலும் 7இலும் பள்ளிக்கூடம் போன நாளை விடப் போகாத நாள் கூட என்று பிறகு பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். பின்னம் கூட்டுகிற பாடம் நடந்தபோது அவள் அடுப்படியில் நின்றிருக்கிறாள்.

இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். பத்தொன்பது வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறேன். பெயிலாகி வந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானவர்கள் பெயிலான இடத்தில் பிழைவிட்டவர்கள் இல்லை. பரீட்சை மண்டபத்தில் விழுந்தது மட்டும்தான் எல்லாருக்கும் தெரிகிறது. தடக்கின இடம் நாலைந்து வருடம் பின்னால் கிடக்கிறது. பின்னம் தெரியாத பிள்ளைக்கு அட்சரகணிதப் பின்னமும் தெரியாது, நிகழ்தகவும் தெரியாது, விகிதமும் வட்டியும் தெரியாது. ஆண்டு 11இல் எட்டுப் பாடம் விளங்கவில்லை என்று அழுவாள். உண்மையில் விளங்காதது ஒரே ஒரு பாடம்.

இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. 1998ஆம் ஆண்டு மார்கழியில் நானும் கணிதத்தில் பெயில்தான். அந்தக் காலத்தில் டபிள்யூ இல்லை, எஃப். எங்கள் ஊரும் படுவான்கரைதான். 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியபோது எனக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. நாங்கள் இடம் மாறி, திரும்பி வந்து, மறுபடி இடம் மாறினோம். நான் திரும்பவும் ஒழுங்காக வாங்கில் இருந்தபோது மற்றப் பிள்ளைகள் பின்னத்தைத் தாண்டிப் போயிருந்தார்கள். பின்னம் எனக்கு ஒருவரும் படிப்பிக்கவே இல்லை. படிப்பித்துவிட்டார்கள் என்று பள்ளிக்கூடம் நினைத்தது, அப்பா நினைத்தார், கடைசியில் நானும் நினைத்தேன். ஆகவே எனக்கு மூளை இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெறுபேறு வந்த அன்று அப்பா ஏசவில்லை. "சரி மனே, வயலுக்கு வா" என்றார். அன்போடுதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

அம்மாதான் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருந்த ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவரிடம் என்னைக் கொண்டுபோய் விட்டா. ஞாயிற்றுக்கிழமைகளில் மண்முனைத் துறையில் பாதை ஏறிப் போவேன். பாலம் வந்தது 2014இல்தான். அதுவரை எங்களுக்கு வாவியைக் கடக்கிறது பாதையில்தான். (பாதை என்றால் வீதி என்று நினைக்கிற வெளியூர்க்காரருக்கு: ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் ஊர்ப் பெயர் அது.) சோதனைச் சாவடியில் நின்று, பாதைக்கு நின்று, போய்ச் சேரவே அரைநாள் போய்விடும். மாஸ்டர் முதல் நாள் சிவப்புப் பேனையைத் தொடவே இல்லை. ஒவ்வொரு பிழைக்கும் ஒரே கேள்விதான் கேட்டார்: "இது எப்பிடி வந்தது தம்பி?" நான் சொல்லச் சொல்ல ஒற்றையில் ஏதோ குறித்துக்கொண்டே வந்தார். பின்னேரம் அந்த ஒற்றையை என்னிடம் தந்தார். பெரிய பட்டியலாக இருக்கும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இரண்டு வரிதான் இருந்தது. பின்னம். சய எண் (மைனஸ் எண்).

வேறொன்றும் இல்லையா என்று கேட்டேன். "வேறொண்டும் இல்ல" என்றார். பதினாறு வயதில் என்னைப் பற்றி நான் கேட்ட மிக நல்ல செய்தி அதுதான். 1999 மார்கழியில் திறமைச் சித்தி எடுத்தேன்.

சய எண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். -3 - 5 என்றால் என் பிள்ளைகளில் கனபேர் +8 என்று எழுதுவார்கள். கேட்டால் "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்பார்கள். இது சோம்பல் இல்லை. பெருக்கலுக்குச் சொன்ன விதியை அப்படியே நம்பி மனப்பாடமாக்கி, கூட்டல் கழித்தலுக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். கவனமாகக் கேட்டதால் வந்த பிழை. இதற்கு நான் கடைக் கடன் கொப்பியைத்தான் காட்டுவேன். மூன்று ரூபாய் கடன் இருக்கிறது, இன்னும் ஐந்து ரூபாய்க்குச் சாமான் கடனாக எடுத்தாய், இப்போது கடைக்காரர் உனக்குத் தரவேண்டுமா, நீ அவருக்குக் கொடுக்கவேண்டுமா? பிழையான விடைக்குப் பின்னாலும் ஒரு விதி இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் சரியான விடையைக் கரும்பலகையில் நூறு தரம் எழுதினாலும் பிள்ளை வீட்டுக்குப் போய்த் தன் பழைய விதியைத்தான் பாவிக்கும்.

ஏன் ஒருவரும் நேரத்தோடு கேட்பதில்லை? வெட்கம். ஆண்டு 7இல் கேட்கத் தவறிய கேள்வியை ஆண்டு 8இல் கேட்பது கொஞ்சம் வெட்கம். ஆண்டு 11இல் நாற்பது பேருக்கு நடுவில் எழும்பி அதைக் கேட்பது முடியவே முடியாத காரியம். ஆசிரியரிலும் முழுப் பிழையையும் போடமுடியாது. பாடத்திட்டத்தை முடிக்கச் சொல்லித்தான் அவரையும் நெருக்குகிறார்கள். ஆனால் பரீட்சைக்கு இரண்டு மாதத்துக்கு முதல் ஊக வினா என்று சொல்லி மண்டபம் நிறையப் பிள்ளைகளை இருத்திக் காசு வாங்குகிறவர்களில் எனக்குக் கோபம் உண்டு. அரையும் காலும் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு வரப்போகிற கேள்வியைச் சொல்லி என்ன பயன்?

எல்லாருக்கும் காரணம் இதுதான் என்றும் நான் சொல்லவரவில்லை. ஒரு பையனுக்குக் கண் தெரியாமல் இருந்தது. கரும்பலகையில் இருக்கிற 3ஐக் கொப்பியில் 8 என்று எழுதிக்கொண்டு போனான். கண்ணாடி போட்டதும் பாதிப் பிழை நின்றுவிட்டது.

இன்னொருவன், கல்லடியில் இருந்து வருகிறவன், எனக்குப் பெரிய படிப்பினை. கொப்பி பார்த்தால் அச்சடித்ததுபோல் இருக்கும். எல்லாக் கணக்கும் செய்திருப்பான், எல்லாம் சரியாக இருக்கும். பரீட்சையில் மட்டும் வராது. "நீங்க செய்யக்குள்ள விளங்குது சேர், நான் செய்யக்குள்ள வருகுதில்ல" என்பான். ஒரு நாள் வீட்டில் எப்படிப் படிக்கிறான் என்று கேட்டுப் பார்த்தேன். செய்து முடித்த கணக்குகளைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறான். கணக்கை மறைத்துவைத்துத் தானாக ஒரு தரமும் செய்ததில்லை.

இதை ஆராய்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2006இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் மாணவர்களை வைத்துச் செய்த பரிசோதனை ஒன்று. சிலரை ஒரு பந்தியைத் திரும்பத் திரும்ப வாசிக்கவிட்டார்கள். சிலரை வாசித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதவிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். வாசிக்கும்போது வருகிற அந்த "விளங்கிவிட்டது" என்ற உணர்வு ஆளை ஏமாற்றிவிடும். அந்தப் பையனை நான் கொப்பியை மூடவைத்தேன். முதல் இரண்டு கிழமையும் ஒன்றும் வராமல் கண் கலங்கினான். பிறகு வந்தது.

இப்போது என்னிடம் வருகிற எல்லாருக்கும் ஒரு பிழைக் கொப்பி இருக்கிறது. இடது பக்கத்தில் தான் விட்ட பிழையும் அது எப்படி வந்தது என்பதும். வலது பக்கத்தில் அதே கணக்கு, இலக்கத்தை மாற்றி. மூன்றாம் நாள் ஒரு தரம், அடுத்த கிழமை ஒரு தரம், மாதம் கழித்து ஒரு தரம் வலது பக்கத்துச் செய்கையை மறைத்து அந்தக் கணக்கைத் திரும்பச் செய்யவேண்டும். மறந்துபோவது குற்றமில்லை என்று முதலே சொல்லிவிடுவேன். படித்தது எவ்வளவு வேகமாக மறந்துபோகும் என்று தன்னிலேயே சோதித்துப் பார்த்து எபிங்கவுஸ் என்ற ஜெர்மன்காரர் 1885லேயே எழுதிவைத்துவிட்டார்.

இன்னொன்று, பயத்தைக் கணக்காக்கிக் காட்டவேண்டும். கணிதத்தில் இரண்டு வினாத்தாளும் சேர்ந்து 200 புள்ளி. சாதாரண சித்திக்கு 35 வீதம், அதாவது 70. முதலாம் வினாத்தாளின் முதற் பகுதியில் மட்டும் 25 சிறு வினா, ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி, மொத்தம் 50. அதில் கணிசமானவை கீழ் வகுப்பு அடிப்படை தெரிந்தால் செய்யக்கூடியவை. இதைப் பலகையில் எழுதிக் காட்டும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். மலைபோல் நின்றது அளக்கக்கூடிய ஒன்றாகிவிடுகிறது.

மூன்றாம் தடவையும் தவறிய பிள்ளைகளும் என்னிடம் இருக்கிறார்கள். அறுவடை என்றும் மேசன் வேலை என்றும் வகுப்பை விட்டுப்போய், பிறகு வீதியில் என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் வீடுகளுக்கு நான் போகிறேன். சிலர் திரும்பி வருகிறார்கள்.

அந்தப் பிள்ளைக்கு வருவோம். போன சனிக்கிழமை மூன்றாவது வகுப்பு. எல்லாரும் போன பிறகு பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள், போகவில்லை.

"சேர், ஒண்டு கேக்கட்டா? அந்தக் கோட்டுக்குக் கீழ இருக்கிற இலக்கம் என்னத்தச் சொல்லுது? ஆண்டு 6ல இருந்தே கேக்க நினைச்சன்."

தாய் வெளியே காத்துக்கொண்டிருந்தா. பஸ்ஸுக்கு நேரம் நெருங்கிவிட்டது. அவவையும் உள்ளே கூப்பிட்டு வாங்கில் இருக்கச் சொன்னேன். பிள்ளை பையை இறக்கி வைத்தாள். கொத்துப்பேணியையும் சுண்டையும் எடுத்து மேசைக்கு நடுவில் வைத்தோம். அரிசியை அளந்து போட்டது தாய்தான்.